பழைய வேனைப் பயண வீடாக்க நினைப்பவருக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

முதலில் காகிதம். அடுத்து துரு. அதற்கப்புறம் பிரேக். எஞ்சின் நான்காவது, அழகு கடைசி. பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை போட்டு, அடுப்பு வைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர் இந்த வரிசையை மறக்காமல் இருந்தாலே பாதி நஷ்டம் வராது. பலர் இதைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். வண்டியின் முகத்தைப் பார்த்து மயங்கி முன்பணம் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் ஆர்.சி. புக்கைப் புரட்டுகிறார்கள்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் வசதிகள் அதிகம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஊருக்குப் பக்கத்திலேயே போகிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார், லாரித் தொழிற்சாலைகள் வந்த பிறகு வண்டி வேலை தெரிந்த கைகள் இந்த வட்டாரத்தில் பெருகிவிட்டன. பழைய சாமான்களுக்குப் பேர்போன சென்னைப் புதுப்பேட்டை சுமார் 75 கிலோமீட்டர்தான். முகூர்த்தப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வேனில் வந்து இறங்குகிற ஊர் இது. வேன் பயணம் என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எந்த வண்டி?

உங்கள் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சாமான் கிடைக்கிற வண்டியை வாங்குங்கள். முதல் வேனுக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறு இல்லை.

ஃபோக்ஸ்வாகன் வேனைத் தேடி அலையாதீர்கள். கேம்பர் வேன் என்றதும் உலகம் முழுக்க எல்லார் கண்முன்னும் வருவது அதுதான். 1950இல் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கியது. 1960களிலும் 70களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்குத் தரைவழியே வந்தபோது பலர் ஓட்டி வந்த வண்டியும் அதுவே. ஏர்பேக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் கட்டாயம் என்று விதி வரவே, பிரேசிலில் 2013 டிசம்பரோடு அதன் உற்பத்தி நின்றது. இங்கே அது அபூர்வம். கிடைத்தாலும் ஒரு வீல் சிலிண்டருக்காக வெளிநாட்டுப் பார்சலை எதிர்பார்த்து வண்டி மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும்.

அந்த வகையில் நமக்குக் கிடைக்கக்கூடியது மெட்டடார். ஹாம்பர்க் நகரத்து டெம்போ நிறுவனம் 1949இல் வெளியிட்ட முதல் மெட்டடாரில் இருந்தது ஃபோக்ஸ்வாகன் எஞ்சின்தான். பின்னாளில் வந்த மெட்டடார் வகையைப் புனேயில் பஜாஜ் டெம்போ நிறுவனம் செய்தது. அந்த நிறுவனம்தான் இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ். முன்சக்கர இழுவை என்பதால் பின்பக்கத் தளம் தாழ்வாக இருக்கும், படுக்கை போட வாகான வண்டி. ஆனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது முன்சக்கரப் பக்கம் கடகடவென்று சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. உடம்புத் தகடு, கண்ணாடி ரப்பர் போன்றவை கடையில் கிடைக்காது. இன்னொரு செத்த வண்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். முதல் வண்டியாக மெட்டடாரைப் பொறுமைசாலிகளுக்கு மட்டுமே சொல்வேன்.

முதல் முறை வாங்குகிறவருக்கு என் முடிவான சிபாரிசு மாருதி ஆம்னி. 1984இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து 2019 வரை உற்பத்தியானது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். மாருதி 800 காரில் இருந்த அதே எஞ்சின் குடும்பம். அதனால் வாலாஜாபாத்திலும் சாமான் கிடைக்கும், வந்தவாசியிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார். குறையையும் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. வண்டியின் வெளி அகலமே 1,410 மில்லிமீட்டர் என்பதால் குறுக்கே படுக்கவும் முடியாது, நீளவாக்கில்தான் படுக்கை. எஞ்சின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் சூடு நேராக மேலே ஏறும். இரண்டு பேருக்கு ஆம்னி போதும். பிள்ளைகளோடு நால்வர் என்றால் ஒரு சிறு கூடாரத்தையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

1987இல் வந்த டெம்போ டிராவலர் பெரிய குடும்பத்துக்கு ஏற்றது. மெர்சிடிஸ் வேனின் வடிவமைப்பைத் தழுவியது. உயரக் கூரை உள்ள வகையில் உள்ளே நின்றுகொண்டே சமைக்கலாம். அதன் சிக்கல் எல்லாம் பதிவில் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

காகிதம்

மஞ்சள் போர்டு வண்டியைச் சொந்த வண்டி விலைக்கு வாங்காதீர்கள். சந்தைக்கு வரும் டிராவலர்களிலும் மெட்டடார்களிலும் நிறைய, வாடகை வண்டியாகவோ பள்ளி வண்டியாகவோ ஓடியவை. அப்படிப்பட்ட வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். பர்மிட், வரி என்று தொடர் செலவு. சொந்த உபயோகத்துக்கு மாற்ற பர்மிட்டை ஒப்படைத்து, பாக்கி வரி கட்டி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வகை மாற்றம் வாங்க வேண்டும். அந்த மாற்றத்தை விற்பவரே முடித்துத் தரட்டும். முடித்த பிறகு பணம் கொடுங்கள்.

ஆர்.சி.யில் உள்ள சாசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு நீங்களே ஒப்பிடுங்கள். டார்ச் லைட், பழந்துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய் எடுத்துப் போனால் அழுக்கைத் துடைத்துப் பார்க்கலாம். பழைய வேன்களில் எஞ்சின் மாற்றியிருப்பது சகஜம். மாற்றியதில் தவறில்லை, ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தால்தான் தவறு. எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்ஷூரன்ஸ், பதிவுக்காலம், ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பது எல்லாம் தெரியும். ஃபைனான்ஸ் கட்டி முடித்துவிட்டதாக வாயால் சொல்வது போதாது. படிவம் 35 கையெழுத்தாகி, ஆர்.சி.யில் உள்ள ஹெச்.பி. என்ற கடன் பதிவு ரத்தாகியிருக்க வேண்டும்.

பதினைந்து வயதைக் கணக்கில் எடுங்கள். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் 15 வயது தாண்டிய காருக்கும் வேனுக்கும் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 2025இல் வந்த திருத்தம் 20 வயது தாண்டியவற்றுக்கு அதை 10,000 ஆக்கியது. பசுமை வரி தனி. விற்பவர் பதிவைக் காலாவதியாக விட்டிருந்தால் தாமத அபராதமும் மாதக் கணக்கில் ஏறியிருக்கும். இந்தத் தொகையை எல்லாம் கூட்டி வண்டி விலையில் கழித்துப் பேசுங்கள்.

அரசு ஏலத்தில் வந்தது என்று சொல்லி விற்கும் 15 வயது தாண்டிய வண்டியைத் தொடாதீர்கள். அரசு வாகனங்களுக்கு 15 ஆண்டுக்குமேல் பதிவைப் புதுப்பிப்பது 2023 ஏப்ரல் முதல் நின்றுவிட்டது. அவை உடைப்புக்குப் போக வேண்டியவை.

டெல்லி வண்டி மலிவாகக் கிடைக்கும். தலைநகர் வட்டாரத்தில் 10 வயது டீசல் வண்டிக்கும் 15 வயது பெட்ரோல் வண்டிக்கும் வந்த கட்டுப்பாட்டால் நல்ல வண்டிகள்கூட அங்கே அடிமாட்டு விலைக்குப் போயிருக்கின்றன. வாங்கலாம். ஆனால் படிவம் 28இல் தடையில்லாச் சான்று கையில் வந்திருக்க வேண்டும், தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். டி.என். 21 எண் விழும்வரை ஆகிற செலவைச் சேர்த்தால் பல சமயம் உள்ளூர் வண்டியே மலிவு.

படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தை வாங்கி, 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். தேதி போடாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் நம்மூரில் உண்டு. விபத்து ஒன்று நடந்தால் அது விற்றவரையும் இழுக்கும், வாங்கியவரையும் இழுக்கும்.

இனி மாற்றியமைப்பது பற்றி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. ஆகவே கூரையை அறுத்து உயர்த்தாதீர்கள், சாசிஸை வெட்டி நீட்டாதீர்கள், ஆர்.சி.யில் எட்டு இருக்கை என்றிருக்கும் வண்டியில் அனுமதி வாங்காமல் ஆறை நிரந்தரமாகப் பிடுங்கி எறியாதீர்கள். கேம்பர் வேன் என்ற வாகன வகை மத்திய அரசின் பட்டியலில் உண்டு, கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரமும் உண்டு. முழு மாற்றம் வேண்டுமென்றால் அந்த வழியில் போக வேண்டும். செலவு அதிகம், முதல் வண்டிக்கு அவசியமும் இல்லை. கழற்றக்கூடிய படுக்கை, இறக்கி வைக்கக்கூடிய அடுப்புப் பெட்டி, தூக்கக்கூடிய தண்ணீர் கேன் என்று வைத்துக்கொண்டால் அது வண்டிக்குள் ஏற்றிய சாமான். திருத்தம் என்ற பேச்சுக்கு இடமில்லை. பயணத்துக்காகத் தற்காலிகமாகக் கழற்றும் சீட்டுகளை விற்றுவிடாமல் பத்திரப்படுத்துங்கள், பதிவு புதுப்பிக்கப் போகும்போது அவை திரும்பப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

நிறம் மாற்றினால் அதையும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ராணுவப் பச்சை அடிக்கவே கூடாது. அந்த நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. இது தெரியாமல் ஆசையாக அடித்துவிட்டு மறுபடி பெயிண்டுக்குச் செலவழிப்பவர்கள் உண்டு. கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதையும் 2012இல் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. துணித் திரை போடுங்கள், வண்டி நிற்கும்போது மட்டும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது

பகலில் போங்கள். மழையில் நனைந்த வண்டியைப் பார்க்காதீர்கள், ஈரத்தில் எல்லாப் பெயிண்டும் பளபளக்கும்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ச் சேருங்கள். வருவது தெரிந்து முன்கூட்டியே ஓடவிட்டு வைத்திருந்தால், இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வரும் புகைதான் உண்மை பேசும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது, ரிங் பிஸ்டன் அல்லது வால்வு சீல் வேலை இருக்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். கறுப்பு என்றால் எரிபொருள் கூடுதல், இது பெரும்பாலும் சிறு வேலை.

துருவைப் பார்க்க ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். சக்கர வளைவு, நகர்த்தும் கதவின் கீழ்ப் பாதை, கூரை ஓரத்து நீர்வடிகால், முன்கண்ணாடி ரப்பரின் கீழ்முனை, பேட்டரித் தட்டு, ஜாக்கி வைக்கும் இடம் ஆகிய எல்லாவற்றிலும் ஒட்டிப் பாருங்கள். காந்தம் நழுவினால் உள்ளே பட்டி. பட்டிக்குப் பின்னால் தகடு இருக்கிறதா என்பது அதை உரித்தபிறகுதான் தெரியும், அப்போது வண்டி உங்களுடையதாகி இருக்கும். சாசிஸில் துரு தின்ற ஓட்டை இருந்தால் எத்தனை மலிவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். காஞ்சிபுரம் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் உள்ளூரிலேயே ஓடிய வண்டியில் உப்புத் துரு குறைவு. இதே வண்டி மகாபலிபுரம் கடற்கரையில் பத்து வருஷம் நின்றிருந்தால் கதை வேறு.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று கட்டாயம் பாருங்கள். 2015 டிசம்பரில் சென்னையும் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டமும் தண்ணீரில் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மறுபடி மூழ்கடித்தது. அந்த வண்டிகள் எல்லாம் மறைந்துவிடவில்லை, துடைத்துச் சுத்தமாக்கி விற்கப்பட்டன. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கேதான் மிஞ்சும். தரை விரிப்பைத் தூக்கி மூலையில் விரலால் தடவுங்கள், வண்டல் இருக்கும். சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் துருவேறியிருக்கும். வயரிங் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கும். இவற்றில் இரண்டு தென்பட்டாலும் வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான டயரை நம்பிப் பாரம் ஏற்றி நெடுஞ்சாலையில் போகக்கூடாது.

உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், அவருக்கு அரைநாள் கூலி கொடுங்கள். நட்புக்காக வரச் சொல்லாதீர்கள். கூலி வாங்கியவர்தான் வேண்டாம் என்று தயங்காமல் சொல்வார்.

காஞ்சிபுரம் சமதரை. மேட்டில் இழுக்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க ரயில்வே மேம்பாலம் ஒன்றே வழி. ஏறும்போது பாதியில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மறுபடி எடுத்துப் பாருங்கள்.

பட்டறையில்

வண்டி விலைக்கு ஏறக்குறைய அதே அளவு பணம் பட்டறைக்குக் கையில் இல்லாமல் வாங்காதீர்கள். பாதியில் நிற்கும் வேலைதான் பழைய வண்டிகளைக் கொல்கிறது. எஞ்சினைப் பிரித்துப்போட்டு, பணம் வரட்டும் என்று காத்திருந்து, பாகங்கள் காணாமல் போய், கடைசியில் எடைக்குப் போன வண்டிகள் எல்லா ஊரிலும் உண்டு.

வேலையை இந்த வரிசையில் கொடுங்கள்: பிரேக், ஸ்டியரிங், டயர், எரிபொருள் குழாய், குளிரூட்டும் பகுதி, வயரிங், டிங்கர் வேலை. பெயிண்ட் எல்லாவற்றுக்கும் பின்னால். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், பிரேக் ஷூ எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதிதாக்குங்கள். ஒன்றை மாற்றி ஒன்றை விட்டால் அழுத்தம் கூடியதும் பழையது கசியும்.

பெட்ரோல் வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்புரேட்டர் வண்டிகளின் ரப்பர் குழாயும் கேஸ்கெட்டும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. நாளாவட்டத்தில் உப்பும், வெடிக்கும், கசியும். ஆம்னியில் அந்தக் கசிவு உங்கள் சீட்டுக்கு அடியில், சூடான எஞ்சினுக்கு மேலே நடக்கும். எத்தனால் தாங்கும் எரிபொருள் குழாயைக் கேட்டு வாங்கி, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை முழுக்க மாற்றிவிடுங்கள், கிளிப்புகளும் புதிதாகவே இருக்கட்டும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து, தண்ணீராக அடியில் தங்கும்.

புதுப்பேட்டைக்குப் போகும்போது பழைய சாமானைக் கையோடு எடுத்துப் போய் ஒப்பிட்டு வாங்குங்கள். ரசீது கேளுங்கள். பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள். கதவு, கைப்பிடி, விளக்குக் கண்ணாடி, சீட் சட்டம் போன்றவை பழையதே போதும்.

நெசவாளர் வீடுகள் உள்ள தெருவில் ஸ்பிரே பெயிண்ட் அடிக்காதீர்கள். பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறது. காற்றில் மிதந்து போகும் பெயிண்ட் துளி ஒரு சேலையில் பட்டால் பல நாள் உழைப்பு போயிற்று. விடியற்காலையில் தெருவில் பாவு விரித்து வேலை செய்கிற இடங்களில் வண்டியை ஸ்டார்ட் செய்து புகை பார்ப்பதும் கூடாது. டீசல் கரி பட்டுநூலில் படிந்தால் போகாது. பட்டறை ஊருக்கு வெளியே, பொன்னேரிக்கரைப் பக்கமோ ஒரிக்கைப் பக்கமோ இருந்தால் நல்லது. நமது பொழுதுபோக்கு இன்னொருவர் பிழைப்பில் மண் போடக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உள்ளே

படுக்கையைத் தறி செய்கிற தச்சரிடம் கேட்டுப் பாருங்கள். கழற்றி மாட்டும் சட்டம் அவர்களுக்குக் கைவந்த கலை. ஆனால் ஆப்பு மட்டும் வைத்தால் சாலை அதிர்ச்சியில் கழன்றுவிடும், போல்ட் போட்டு நைலான் பிடி உள்ள நட்டால் முறுக்கச் சொல்லுங்கள். பழைய சீட் இருந்த துளைகளிலேயே படுக்கையைப் பிணையுங்கள், தளத்தில் புதிதாக ஓட்டை போடாதீர்கள். பிளைவுட் 12 மில்லிமீட்டர் போதும். தேக்கு வேண்டாம், கனம்.

இலவம் பஞ்சு மெத்தை நம் வெயிலுக்கு ஃபோமைவிடச் சுகம். வாரம் ஒருமுறை வெயிலில் போட்டுத் தட்டினால் போதும்.

நம் ஊரில் வண்டிக்குள் எதிரி குளிர் அல்ல, கூரை வழியே இறங்கும் சூடு. கூரைத் தகட்டின் உட்பக்கம் தீப்பிடிக்காத வகை ஃபோம் ஷீட் ஒட்டுங்கள். தெர்மாகோல் வைக்காதீர்கள், பொடிப்பொடியாக உதிரும், தீப்பொறி பட்டால் நொடியில் பற்றும். கூரைக்கு வெள்ளை நிறமே சிறந்தது. எதிரெதிரே இரண்டு ஜன்னலுக்குக் கொசுவலை போட்டுக் காற்றோட்டத்தைத் திறந்து வையுங்கள்.

திரைக்குப் பட்டு போடாதீர்கள். காஞ்சிபுரத்து வண்டி என்பதற்காக அந்த ஆசை வரும். வெயில் நேராக விழுந்தால் பட்டு நிறம் மங்கும், இழை நைந்துபோகும். பருத்தித் துணிதான் சரி.

மின்சாரத்துக்கு வண்டியின் பேட்டரியைப் பயன்படுத்தாமல் இரண்டாவது பேட்டரி வையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஐசொலேட்டர் இருக்க வேண்டும், பேட்டரி முனையை ஒட்டியே ஃப்யூஸ் இருக்க வேண்டும். கணக்கு எளிது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 1,200 வாட்-அவர் இருக்கிறது. லெட் ஆசிட் வகையில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 600. 20 வாட் ஃபேன் எட்டு மணி நேரத்துக்கு 160, இரண்டு எல்.இ.டி. விளக்கும் போன் சார்ஜும் சேர்ந்து 100க்குள். இரண்டு ராத்திரி தாராளமாகத் தாங்கும். 100 வாட் சோலார் தகடு நம் வெயிலில் ஒரு நல்ல நாளில் 400 வாட்-அவர் வரை திருப்பித் தரும். இண்டக்‌ஷன் அடுப்பை மட்டும் இதில் மாட்டாதீர்கள். 2,000 வாட் அடுப்பு 12 வோல்ட்டில் 160 ஆம்பியருக்குமேல் இழுக்கும், வயர் உருகும்.

வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை வண்டியில் ஏற்றாதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தளத்தில் தேங்கும், மூக்குக்கு எட்டுவதற்குள் காலடியில் நிறைந்திருக்கும். ஐந்து கிலோ சிலிண்டர் வாங்கி, கதவைத் திறந்து வெளியே வைத்துச் சமையுங்கள். மூடிய வண்டிக்குள் அடுப்பு எரித்துவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இரண்டு கிலோ பொடி வகைத் தீயணைப்பான் ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முதல் ராத்திரிக்குச் சமைக்கவே வேண்டாம். குடலையில் வெந்த காஞ்சிபுரம் இட்லி மறுநாளும் கெடாது, பயணத்துக்கு அதைவிட நல்ல கட்டுச்சோறு எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் கேன் ஒவ்வொன்றும் 20 கிலோ. பின்சக்கர அச்சுக்கு நேரே தாழ்வாக வையுங்கள். கூரைக் கேரியரில் ஏற்றாதீர்கள், ஆம்னி மாதிரி ஒடுங்கிய வண்டி வளைவில் சாயும்.

ஓடும்போது யாரும் படுக்கையில் படுக்கக்கூடாது. குழந்தைகள் கெஞ்சினாலும் கூடாது.

தெருவிலும் வழியிலும்

தேரோடும் வீதிகளில் வேனை நிரந்தரமாக நிறுத்தாதீர்கள். வைகாசியில் வரதராஜர் கருட சேவைக்குச் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம் வரும் நாளிலும், பங்குனி உத்திரத்திலும், நிறுத்திய வண்டி நிறுத்திய இடத்திலேயே மாட்டும். 2019இல் அத்திவரதர் தரிசனத்தின்போது வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு மக்கள் வந்ததை எல்லாரும் பார்த்தோம்.

முதல் பயணம் பக்கத்தில் இருக்கட்டும். உத்திரமேரூரில் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு, பருவமாக இருந்தால் வேடந்தாங்கல் போய்த் திரும்புங்கள். கசிவும் சத்தமும் என்னென்ன என்று வண்டியே சொல்லும், குறித்துக்கொண்டு பட்டறைக்குக் கொடுங்கள். அதன்பின் ஏலகிரி. அதன் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கிய வண்டியை நம்பலாம். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரலில் விடாதீர்கள்.

ஏரிக்கரை மேல் வண்டியை ஏற்றி முகாம் போடாதீர்கள். கரை மண்ணால் ஆனது, விவசாயிகளின் தண்ணீர் அதன் பின்னால் நிற்கிறது. ராத்திரி தங்கப் பெட்ரோல் பங்கிலோ, தோட்டக்காரரிடமோ, கோயில் அலுவலகத்திலோ கேட்டு நிறுத்துங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குளத்துப் பக்கம் ஊற்றக்கூடாது.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்ட பேட்டரி ஒன்றைக் காரணம் காட்டி, தீப்பிடித்த வண்டிக்கு நஷ்டஈடு மறுக்க முடியும்.

மாற்றவே கூடாத வண்டி

மேலே சொல்லாத ஒரு வண்டிக்கு மட்டும் விதி வேறு. வண்டலூரை ஒட்டி இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் 20 வேன் அது. காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே பிறந்த வண்டி. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் அட்லஸ் வேனின் வாரிசு. 1960கள், 70களில் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடியது. தொழிற்சாலை 1988இல் மூடப்பட்டது, சாமான் கிடையாது, வண்டிகளும் அநேகமாக எல்லாம் எடைக்குப் போய்விட்டன.

அப்படி ஒன்று கிடைத்தால் படுக்கையும் போடாதீர்கள், அடுப்பும் வைக்காதீர்கள். ஐம்பது வயது தாண்டி, மூல வடிவம் கெடாமல் இருக்கும் வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்ய 2021 ஜூலையில் விதி வந்தது. கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்து வரும். அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும் எடுத்துப் போகலாம். சாசிஸையோ உடம்பையோ எஞ்சினையோ பெரிதாகத் திருத்திய வண்டிக்கு அந்தப் பதிவு கிடைக்காது. ஸ்டாண்டர்ட் வேனில் கேம்பர் செய்தால் கிடைப்பது ஒரு சுமாரான கேம்பர், இழப்பது திரும்ப வராத ஒரு வண்டி.

காஞ்சிபுரத்திலோ வாலாஜாபாத்திலோ உத்திரமேரூரிலோ யார் வீட்டுக் கொட்டகையிலாவது தாத்தா ஓட்டிய ஸ்டாண்டர்ட் வேன் நின்றுகொண்டிருந்தால், தயவுசெய்து காயலான் கடைக்காரரைக் கூப்பிடாதீர்கள். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது, கோவையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை வண்டியைத் தார்ப்பாயால் மூடி, சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிக் கல்லில் நிறுத்தி, ஆர்.சி. புக்கைப் பத்திரமாக வையுங்கள்.